தொண்டை மரத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்

இரைப்பை எண்டோஸ்கோப்பி பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் நோயாளிகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "வலிக்குமா, டாக்டர்?" என்பது முதற்கேள்வி. "மயக்க ஊசிதான் போடப் போகிறீர்களே, பிறகு எதற்குத் தொண்டையில் அந்தக் கசப்பு மருந்தை அடிக்கிறீர்கள்?" என்பது இரண்டாவது. உடன் வரும் குடும்பத்தினர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்கள்: "இரவிலிருந்து வெறும் வயிறு. முடிந்தவுடன் காபி கொடுக்கலாமா?"

முதற்கேள்விக்கான விடை எளிது. இப்பரிசோதனையில் வெட்டோ தையலோ இல்லை. திசு மாதிரி எடுப்பதும் வலிப்பதில்லை. இரைப்பையின் உட்சவ்வுக்குக் கிள்ளினால் வலிக்கும் உணர்வு கிடையாது. நோயாளியைச் சங்கடப்படுத்துவது வலியன்று. ஓங்கரிப்பும், வயிற்றில் காற்று நிரம்பும் உப்புசமுமே. இரண்டாவது கேள்வி நியாயமானது; அதற்கான விடையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும் மூன்றாவது கேள்வியோ மூன்றிலும் முக்கியமானது. பரிசோதனை அறைக்குள் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு எங்களுடையது. அவர் வெளியே வந்தபின் தொண்டை மரத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், பொறுப்பின் ஒரு பகுதி உடனிருப்போரின் கைக்கு வருகிறது. அது எதற்காக என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டை செய்யும் காவல்

தொண்டை இரண்டு பாதைகள் கூடும் இடம். முன்புறம் குரல்வளையும் அதன் கீழே மூச்சுக்குழாயும் உள்ளன. பின்புறம் உணவுக்குழாய் இருக்கிறது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் மூச்சுப் பாதையின் வாசலைக் கடந்துதான் வயிற்றுக்குச் செல்கிறது. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் தானாக நிற்கிறது. குரல்வளை மேலே எழும்புகிறது. குரல்வளை மூடி சாய்ந்து கொள்கிறது. குரல் நாண்கள் நெருங்கி வாசலை அடைக்கின்றன. இவை அனைத்தும் ஒரு நொடியளவில் நடந்து முடிகின்றன. நாம் எதையும் நினைத்துச் செய்வதில்லை.

இவ்வளவு ஏற்பாடுகளையும் மீறி ஒரு துளி நீர் தவறான வழியில் இறங்கினால், கடும் இருமல் எழுந்து அதை வெளியே தள்ளுகிறது. இதைத்தான் புரையேறுதல் என்கிறோம். "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி வீட்டுப் பெரியவர்கள் உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். நினைப்பவர் எவராயினும், அந்த இருமலை எழுப்புபவை தொண்டையிலும் குரல்வளையிலும் உள்ள சவ்வின் நரம்பு நுனிகளே. புரையேறுவது ஒரு தொந்தரவாகத் தோன்றலாம். உண்மையில் அது நுரையீரலைக் காக்கும் காவல்.

ஓங்கரிப்பும் இத்தகைய காவல்தான். காலையில் நாக்கு வழிக்கும்போது கருவி சற்று உள்ளே சென்றுவிட்டால் குமட்டிக்கொண்டு வருவதை அனைவரும் அறிவோம். நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையின் பின்சுவரிலும் படும் தொடு உணர்வை ஒன்பதாவது மூளை நரம்பு முகுளத்துக்குக் கொண்டு செல்கிறது. அங்கிருந்து புறப்படும் கட்டளையைப் பத்தாவது நரம்பு தொண்டைத் தசைகளுக்கு எடுத்துச் செல்ல, அவை சுருங்கி அந்நியப் பொருளை வெளியேற்ற முயல்கின்றன. மன உறுதியால் இதை அடக்குவது மிகக் கடினம். எனவே, பரிசோதனையின்போது ஓங்கரிப்பவரை "கோழை" என்றோ "ஒத்துழைக்காதவர்" என்றோ எண்ணுவது தவறு. அவருடைய தொண்டை தன் கடமையைச் செய்கிறது, அவ்வளவே.

வாள் விழுங்கியவரிடமிருந்து தொடங்கிய கதை

இரைப்பையை உள்ளே சென்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த நாள் முதலே தொண்டைதான் மருத்துவர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. 1868ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர் நேரான, விறைப்பான ஓர் உலோகக் குழாயை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவர் சாதாரண நோயாளி அல்லர். வாள் விழுங்கும் வித்தைக்காரர். நெடுநாள் பயிற்சியால் ஓங்கரிப்பை அடக்கப் பழகிய தொண்டை தேவைப்பட்டது.

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற கண் மருத்துவர், கோக்கெய்ன் கரைசலைச் சொட்டினால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். விரைவிலேயே தொண்டை மருத்துவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆனால் கோக்கெய்ன் நச்சுத்தன்மை உடையது, அடிமைப்படுத்தக் கூடியது. பாதுகாப்பான மாற்று மருந்து ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்தது. 1943இல் நில்ஸ் லோஃப்கிரென் என்னும் வேதியியலாளர் லிடோகெய்ன் என்ற மருந்தை உருவாக்கினார்; 1948இல் அது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் லிக்னோகெய்ன் என்றும் அதற்குப் பெயருண்டு. பல் மருத்துவர் ஈறில் ஊசியாகப் போடுவதும், நாங்கள் தொண்டையில் தெளிப்பதும் பெரும்பாலும் இதே மருந்துதான். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளாலான வளையும் எண்டோஸ்கோப்பை முதன்முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். இன்றைய கருவிகள் அதன் வழித்தோன்றல்கள். தடிமனில் ஏறத்தாழ சுண்டுவிரல் அளவே இருக்கும். வித்தைக்காரர் நீண்ட பயிற்சியால் அடைந்த நிலையை, இன்று ஒரு மருந்து சில நிமிடங்களில் தற்காலிகமாக ஏற்படுத்தித் தருகிறது.

மயக்கம் இருக்க மரப்பு எதற்கு?

இதற்கு விடை காண, "மயக்கம்" என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் நிலைகள் பல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எண்டோஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் அளிக்கப்படுவது மிதமான மயக்கம். மிடாசோலம் போன்ற மருந்தை நரம்பு வழியே சிறிய அளவில் செலுத்துகிறோம். நோயாளி அரைத்தூக்கத்தில் இருப்பார். பெயர் சொல்லி அழைத்தால் கண் திறப்பார். தாமாகவே மூச்சு விடுவார். பின்னர் நடந்தவற்றுள் பெரும்பகுதி அவருக்கு நினைவிருக்காது. நினைவில் நில்லாது என்பதால் உடல் உணரவில்லை என்று பொருளாகாது. குழாய் தொண்டையைத் தொடும்போது அரைத்தூக்கத்திலும் ஓங்கரிப்பு எழும். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் உயரும். நோயாளி தம்மை அறியாமல் குழாயைப் பிடித்து இழுக்கவும் கூடும்.

மயக்க மருந்து செயல்படும் இடம் மூளை. மரப்பு மருந்து செயல்படும் இடம் தொண்டைச் சவ்விலுள்ள நரம்பு நுனிகள். நரம்பில் செய்தி பாய்வதற்குச் சோடியம் அயனிகள் நுண்ணிய வாயில்கள் வழியே உள்நுழைய வேண்டும். லிடோகெய்ன் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது, தொடு உணர்வு முகுளத்துக்குப் போய்ச் சேர்வதில்லை, ஓங்கரிப்புக் குறைகிறது. மயக்க மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போய் ஓங்கரிப்பை அடக்க முயன்றால் மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. தொண்டையை மரக்கச் செய்தபின் குறைந்த அளவு மயக்க மருந்தே பலருக்குப் போதுமானதாகிறது. முதியவர்களுக்கும், இதயம் அல்லது நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் இது நன்மை தரும்.

மூன்றாவது வகை, மயக்கவியல் நிபுணரின் மேற்பார்வையில் புரோப்போஃபால் போன்ற மருந்தால் அளிக்கப்படும் ஆழ்ந்த மயக்கம். இந்நிலையில் தொண்டைத் தெளிப்பு கூடுதல் பயன் தருமா என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில ஆய்வுகளில் ஓங்கரிப்புக் குறைந்திருக்கிறது. வேறு சிலவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, உங்கள் உறவினருக்குத் தெளித்த மருந்தை உங்களுக்குத் தெளிக்கவில்லை என்றால், எதையோ விட்டுவிட்டார்கள் என்று ஐயுற வேண்டாம். அளிக்கப்படும் மயக்கத்தின் ஆழத்தைப் பொறுத்தே அம்முடிவு எடுக்கப்படுகிறது.

மயக்கமே வேண்டாம், தெளிப்பு மட்டும் போதும் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நோய் அறிவதற்கான பரிசோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தனியாக வந்திருப்போரும், அன்றே வேலைக்குத் திரும்ப விரும்புவோரும் இம்முறையைத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஓங்கரிப்பு சற்று அதிகமாக இருக்கும். ஆனால் மயக்க மருந்தின் பின்விளைவுகள் இரா. எது உங்களுக்கு ஏற்றது என்பதை முன்னரே மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம்.

தெளிக்கும்போது நிகழ்வன

மருந்தைத் தெளிக்கும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். சொல்வதைக் கேட்டுச் செய்ய வேண்டும். ஆகவே மயக்க ஊசிக்கு முன்பே இது நடைபெறும். பொய்ப்பல் இருந்தால் முதலில் கழற்றி வைக்கச் சொல்வோம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, "ஆ" என்று சொல்ல வேண்டும். தெளிக்கும் நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்காமல் நிறுத்திக்கொள்வது நல்லது. மருந்து மூச்சுப் பாதைக்குள் செல்வதை அது குறைக்கும். 10 விழுக்காடு தெளிப்பானில் ஒரு முறை அழுத்தினால் 10 மில்லிகிராம் மருந்து வெளிவரும். உங்கள் வயது, எடை, உடல்நிலை ஆகியவற்றைக் கருதி எத்தனை முறை தெளிப்பது என்பதை நாங்கள் கணக்கிடுகிறோம். "இன்னும் இரண்டு முறை அடியுங்கள், நன்றாக மரக்கட்டும்" என்று சிலர் கேட்பதுண்டு. தொண்டைச் சவ்வு மருந்தை விரைவாக இரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. எனவே அந்த வேண்டுகோளை எப்போதும் நிறைவேற்ற இயலாது.

சிலருக்குத் தெளிப்பானுக்குப் பதிலாகக் கூழ்போன்ற மருந்து தரப்படும். அதைத் தொண்டையின் பின்பகுதியில் சில நிமிடங்கள் வைத்திருந்து, செவிலியர் சொல்லும் விதத்தில் விழுங்கவோ துப்பவோ வேண்டும். இரண்டுமே கசக்கும். சிலருக்கு முதலில் எரிச்சலும் இருமலும் வரலாம். ஓரிரு நிமிடங்களில் நாக்குத் தடித்ததுபோலவும், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோலவும் தோன்றும். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

"மூச்சு அடைக்கிறதே!"

இந்நிலையில்தான் பலரும் அஞ்சுகிறார்கள். "தொண்டை வீங்கிவிட்டது, மூச்சு விட முடியவில்லை" என்று பதறுகிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்த அச்சம் பாதியாகக் குறையும்.

நாம் மூச்சு விடும்போது தொண்டை வழியே காற்று செல்வதைச் சவ்விலுள்ள நரம்புகள் இடையறாது உணர்ந்துகொண்டிருக்கின்றன. அவை மரத்துப்போனதும் காற்றுச் செல்லும் உணர்வு மறைகிறது. எச்சில் விழுங்கும் உணர்வும் மறைகிறது. உணர்வு இல்லாததால், வழியே அடைபட்டுவிட்டது போன்ற மயக்கம் மனத்தில் எழுகிறது. பல் மருத்துவரின் ஊசிக்குப்பின் உதடு வீங்கியதுபோல் தோன்ற, கண்ணாடியில் பார்த்தால் அது இயல்பாகவே இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தொண்டைக்கும் அதுவே பொருந்தும். மார்பு ஏறி இறங்குகிறது. விரலில் மாட்டியிருக்கும் கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த வேளையில் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. மூக்கு வழியே மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். எச்சிலை விழுங்கப் போராடாமல், இடப்பக்கம் சரிந்து படுத்த நிலையில் கடைவாய் வழியே வழிய விடுங்கள். அதற்காகவே முகத்தின் கீழ் துணி விரித்திருப்போம். செவிலியர் உறிஞ்சுகுழாயுடன் அருகில் நிற்பார். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது முகவீக்கம், மூச்சில் விசில் போன்ற ஒலி ஆகியவை தோன்றினால் மட்டும் அது வேறு. உடனே கையை உயர்த்திச் சைகை காட்டுங்கள். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. எனினும் அதற்கான மருந்துகளுடன் நாங்கள் ஆயத்தமாகவே இருக்கிறோம்.

மரப்பின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மருந்து படுவது தொண்டையின் மேற்பரப்பில் மட்டுமே. குழாய் அழுத்தும் உணர்வு சிறிது இருக்கும். இரைப்பையை விரித்துப் பார்க்கக் காற்று செலுத்தும்போது உண்டாகும் உப்புசத்தையும் ஏப்பத்தையும் அது தடுக்காது. "மருந்து அடித்தும் தெரிகிறதே" என்று கவலைப்பட வேண்டாம்.

எவருக்குக் கூடுதல் கவனம் தேவை?

ஓங்கரிப்பை அடக்கும் மருந்து, புரையேறும்போது காக்கும் இருமலையும் சேர்த்தே மந்தமாக்குகிறது. மயக்க மருந்து விழிப்பைக் குறைக்கிறது. இரண்டும் சேரும்போது எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாய்க்குள் ஓசையின்றி இறங்கக்கூடும். பின்னர் நிமோனியா வரலாம். இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் இரண்டு வட்டாரங்களில், 36 மருத்துவமனைகளில் நடைபெற்ற 14,149 இரைப்பை எண்டோஸ்கோப்பிகளை ஆராய்ந்து 1995இல் வெளியான கணக்கெடுப்பு, தொண்டைத் தெளிப்புக்கும் பரிசோதனைக்குப் பிந்தைய நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்காமையும், மிகுதியான மயக்க மருந்தும் தீங்குகளுடன் தொடர்புடையவை என்பதையும் அதே கணக்கெடுப்பு சுட்டியது. விரலில் மாட்டும் கருவி, மூக்கு வழி ஆக்சிஜன், அளந்து தரும் மயக்க மருந்து ஆகியவற்றில் இன்று இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதற்குக் காரணம் இத்தகைய பாடங்களே.

ஆகவே சிலருக்குத் தெளிப்பைத் தவிர்க்கிறோம் அல்லது குறைக்கிறோம். இரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் தொண்டையின் காவல் மிக அவசியம். அதை மரக்கச் செய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புவதில்லை. பக்கவாதம், நடுக்குவாதம் போன்றவற்றால் முன்பே விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், தளர்ந்த முதியவர்களும் எளிதில் புரையேறும் நிலையில் இருப்பவர்கள். லிடோகெய்னைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்பு கல்லீரல். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயின் வீங்கிய இரத்தநாளங்களைக் காண அடிக்கடி எண்டோஸ்கோப்பி தேவைப்படுகிறது. அவர்கள் உடலில் மருந்து நீண்ட நேரம் தங்கும் என்பதால் அளவைக் குறைக்கிறோம். சிலவகை இதயத்துடிப்புக் கோளாறு, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் கவனம் வேண்டும்.

மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் கலந்தால் முதலில் உதட்டைச் சுற்றிச் சுறுசுறுப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல் ஆகியவை தோன்றும். மிகுந்தால் வலிப்பு வரலாம். மரப்பு மருந்துகளால், குறிப்பாகப் பென்சோகெய்ன் என்னும் மருந்தால், இரத்தம் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு வழங்கும் திறனை இழந்து உதடும் நகமும் நீலம் பாரிப்பதும் அரிதாக நிகழ்வதுண்டு. அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. இவற்றை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இத்தகைய மாற்றத்தை உணர்ந்தால் "சின்ன விஷயம்தானே" என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டியவை

முன்பு பல் மருத்துவத்திலோ அறுவை சிகிச்சையிலோ மரப்பு மருந்தால் ஏதேனும் தொல்லை ஏற்பட்டதா என்பதைச் சொல்லுங்கள். ஊசி போட்டதும் படபடப்பு வந்தது என்றால், அது பெரும்பாலும் அம்மருந்துடன் சேர்க்கப்படும் அட்ரினலினின் விளைவாகவே இருக்கும். எது எவ்வாறாயினும், அதை முடிவு செய்யும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஆடும் பல், ஆஸ்துமா, குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொல்லை, கர்ப்பம், வலிப்பு நோய், கல்லீரல் நோய், விழுங்கும்போது அடிக்கடி புரையேறுதல் ஆகியவற்றையும் தெரிவியுங்கள்.

சர்க்கரை நோய் மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெறும் வயிற்றுடன் வரச் சொல்வதன் பொருளும் இப்போது விளங்கும். வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வோம். உங்களுக்கு வேறு அறிவுரை தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பால் கலந்த காபியும் தேநீரும் தண்ணீர்க் கணக்கில் சேரா; அவை உணவே. வெற்றிலை பாக்கும் வேண்டாம். "ஒரே ஒரு வாய் காபிதான்" என்று மறைப்பதைவிட, குடித்துவிட்டேன் என்று சொல்வது மேல். பரிசோதனை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். காவல் இல்லாத தொண்டையும் நிரம்பிய வயிறும் சேர்வதுதான் ஆபத்து.

அந்த ஒரு மணி நேரம்

பரிசோதனை முடிந்தது. நோயாளி கண் விழித்துவிட்டார், பேசுகிறார். முதல் நாள் இரவு உண்டதற்குப் பின் எதுவும் உண்ணவில்லை. வாய் வறண்டிருக்கிறது. மகளோ மனைவியோ மருத்துவமனை உணவகத்திலிருந்து சூடான காபி வாங்கி வந்து, அன்போடு வாயருகே நீட்டுகிறார். இந்தக் காட்சியை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அன்போடுதான் தடுக்கவும் செய்கிறோம்.

விழித்திருப்பதும் தொண்டை விழித்திருப்பதும் ஒன்றல்ல. மரப்பு பெரும்பாலானோருக்கு அரை மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கினாலும், சிலருக்குக் கூடுதல் நேரம் நீடிக்கும். அதற்குள் குடித்தால் இரண்டு தீங்குகள் நேரலாம். ஒன்று, சூடு தெரியாமல் நாக்கும் தொண்டையும் வெந்து போகலாம். மற்றொன்று, காபி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியும் இருமல் வராமல் போகலாம். வழக்கமாக நம்மை எச்சரிக்கும் புரையேறலே உறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. "குடித்தார், இருமவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று அந்நேரத்தில் நிம்மதி கொள்ள இயலாததும் இதனால்தான்.

ஆகையால் கடிகாரத்தையே முதல் காவலாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த நேரத்தைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் வாய்வழியாக எதுவும் தர வேண்டாம். மாத்திரையும் கூடாது. மயக்க ஊசி போட்டிருந்தால், ஒரு மணி நேரம் கடந்த பின்பும் நோயாளி நன்றாகத் தெளிந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். தூங்கித் தூங்கி விழுபவருக்கு எதையும் ஊட்டக் கூடாது. வாய் வறண்டிருந்தால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடலாம்.

நேரம் ஆனபின், முதலில் அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். நாக்குத் தடித்த உணர்வு போய்விட்டதா, எச்சிலை எளிதாக விழுங்குகிறாரா, குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சாதாரணக் குளிர்ச்சியில் உள்ள தண்ணீரை ஒரு தேக்கரண்டி அளவு கொடுங்கள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் நம் பழக்கத்தை அன்று மட்டும் தவிர்த்து, தம்ளரில் வாய் வைத்துச் சிறிது சிறிதாகப் பருகட்டும். இருமலோ, கரகரத்த ஈரக் குரலோ இல்லையென்றால் சற்றுப் பொறுத்து மேலும் கொடுக்கலாம். அதன்பின் இட்லி, தயிர்சாதம், கஞ்சி போன்ற மிருதுவான உணவைச் சூடு ஆறியபின் தரலாம். திசு மாதிரி எடுத்திருந்தாலோ இரத்தநாளத்துக்கு வளையம் போட்டிருந்தாலோ உணவு குறித்துத் தனி அறிவுரை தரப்படும், அதுவே முதன்மையானது.

மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது; இயந்திரங்களில் வேலை செய்யக் கூடாது; பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது. மருத்துவர் சொன்னவற்றை அவர் மறந்துவிடக்கூடும். ஆகவே முடிவுகளை விளக்கும்போது உடனிருப்பவரும் அருகில் இருந்து கேட்டுக்கொள்வது நல்லது. தொண்டையில் இலேசான வலி ஓரிரு நாள் இருக்கலாம். மரப்பு முற்றிலும் நீங்கியபின் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்தால் இதமாக இருக்கும்.

உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகள்

வீட்டுக்குச் சென்றபின் கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் தோன்றினால் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மூச்சுத் திணறல், உதடு அல்லது நகம் நீலம் பாரித்தல், எழுப்ப இயலாத தூக்கம்.

கடுமையான மார்பு வலி அல்லது வயிற்று வலி, கழுத்தில் வீக்கம், விழுங்கும்போது மிகுந்த வலி.

இரத்த வாந்தி, அல்லது தார்போல் கருத்த மலம்.

அன்றோ அடுத்த சில நாள்களிலோ காய்ச்சல், சளியுடன் கூடிய இருமல். ஓசையின்றிப் புரையேறியதன் விளைவு பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். அப்போது எந்த மருத்துவரிடம் சென்றாலும், அண்மையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இரைப்பை எண்டோஸ்கோப்பி பொதுவாகப் பாதுகாப்பான பரிசோதனை. புண்ணையும், இரத்தக் கசிவையும், புற்றுநோயின் தொடக்க நிலையையும் நேரில் கண்டறிய உதவும் அதனைத் தொண்டை குறித்த அச்சத்தால் தள்ளிப்போடுவது பெரிய இழப்பு. கசப்பு மருந்தின் வேலை, அந்த அச்சத்துக்குக் காரணமான ஓங்கரிப்பைச் சிறிது நேரம் உறங்க வைப்பது. அது மீண்டும் விழித்தெழும் வரை, உடனிருப்போரே, கடிகாரத்தைப் பாருங்கள். காபி சற்று ஆறட்டும்.